வெள்ளவத்தைத் தொடர்மாடி, 10க்கு 8 அடி தையல் அறை: புடவை, துண்டு, ஊசி எல்லாவற்றையும் எப்படி அடுக்குவது?

ஓரத்தையல்:

வணக்கம். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி. தையலுக்கு ஒதுக்கிய அறை 10க்கு 8 அடி, மேற்கில் ஒரே யன்னல். வாடகை வீடு, சுவரில் துளை போட அனுமதி இல்லை. இருக்கும் சாமான்: வீட்டுப் பாவனை சிக்சாக் மெசின், ஓரத்தை வெட்டித் தைக்கும் ஓவர்லொக் மெசின், 4க்கு 2 அடி மேசை, இரும்பு அலுமாரி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி ஐந்து.

சட்டையும் தைப்பது, குயில்ட்டும் (துண்டுகளைச் சேர்த்து, நடுவே பஞ்சு வைத்துத் தைக்கும் மூன்றடுக்குப் போர்வை) தைப்பது. புறக்கோட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய வெட்டுத்துண்டு மூன்று பெட்டியை நிரப்பிவிட்டது. பெட்டியைத் திறந்தால் பூஞ்சண மணம். குண்டூசியெல்லாம் கறள். எது பாவித்த ஊசி, எது புது ஊசி என்று தெரியவில்லை. குயில்ட் வெட்ட மேசை போதாமல் நிலத்தில் குந்தித்தான் வெட்டவேண்டியிருக்கிறது. இணையத்தில் பார்த்தால் சுவர் நிறைய நூல்கட்டை, திறந்த தட்டு, கண்ணாடிப் போத்தலில் பொத்தான் என்று அழகாக வைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? எங்கிருந்து தொடங்குவது?

கறுப்புநூல்:

அந்தப் படங்கள் அனேகமாகக் காய்ந்த ஊர்களில் எடுத்தவை, தங்கச்சி. கொழும்பில் பெரும்பாலான நாட்களில் வெளிக்காற்றின் சராசரி ஈரப்பதன் 75 வீதத்தை ஒட்டியே நிற்கும். 65, 70ஐத் தாண்டினாலே புடவையில் பூஞ்சணம் தொடங்கிவிடும். உங்களுக்குக் கடற்காற்றின் உப்பு வேறு. முதலில் ஈரத்தைப் பாருங்கோ, பிறகு அடுக்கலாம். அழகைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

மூன்று பெட்டியையும் கொட்டுங்கோ. கிலோ கணக்கில் வரும் துண்டைத் துவைக்காமல் உள்ளே வைக்கவே கூடாது. நெசவுக் கஞ்சியும் பூச்சு மருந்தும் அதில் கிடக்கும். கஞ்சி என்றால் வெள்ளிப்பூச்சிக்கும் கரப்பொத்தானுக்கும் விருந்து, பூஞ்சணமும் அதில்தான் பிடிக்கும். குயில்ட்டுக்கு வெட்டமுன் கஞ்சி போட்டு விறைப்பாக்குபவர்கள், தைக்கப்போகும் துண்டுக்கு மட்டும் அன்றைக்குப் போடவேணும். கஞ்சி போட்டுவிட்டு அலுமாரியில் வைத்தால் மாரிக்குள் புள்ளி விழும். சின்னத் துண்டுகளை வலைப்பையில் கட்டித் துவைத்தால் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்காது.

காய்ந்து அயன் பண்ணின கையோடு மடித்து மூடிவிடுவதுதான் பெரும்பாலான பூஞ்சண மணத்துக்குக் காரணம். நீராவி அயன் விட்ட ஈரம் மடிப்புக்குள் நிற்கும். ஃபேனுக்குக் கீழே ஓர் இரவு விரித்துவிட்டு அடுத்த நாள் மடியுங்கோ. பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஈரத்தை உறிஞ்சும் 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடலாம். செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் வகையை வாங்குங்கோ. நிறம் மாறியதும் மணிகளைத் தட்டில் பரப்பி, 120 பாகை சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் அவணில் வைத்தால் திரும்பப் பாவிக்கலாம். நீலமாக இருந்து ரோசாவாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைட் இருக்கிறது, சமையல் அவணுக்குள் அது வேண்டாம்.

அலுமாரியை மழை அடிக்கும் வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றுங்கோ. சுவருக்கும் அலுமாரிக்கும் இடையே 3 அங்குலம், அடியில் கட்டை வைத்து 4 அங்குல உயரம். இரும்புத் தட்டில் புடவை நேரே படக்கூடாது, கறள் கறை போகாது. பழைய வெள்ளைப் பருத்தி விரிப்பை விரித்து அதன்மேல் அடுக்குங்கோ. காட்போட் பெட்டியும் வேண்டாம், ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பூச்சிக்கு வீடு கட்டிக் கொடுக்கும். அலுமாரிக்குள் பல்ப் எரியவிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. உள்ளே முழுக்கப் புடவை, அதுக்குள் சூடான பல்பா? விட்டுவிடுங்கோ. நப்தலின் உருண்டையும் கற்பூரமும் ஒரே தட்டில் சேர்ந்தால் இரண்டும் இளகிக் கசிந்து கறையாக்கும். ஏதாவது ஒன்று, அதுவும் புடவையில் படாமல் சின்னத் துணிப்பையில்.

மடிக்கிற முறை: 6க்கு 24 அங்குலக் குயில்ட் அடிமட்டம் ஒன்று எடுங்கோ. 44 அங்குல அகலப் புடவையைக் கரையோடு கரை சேர்த்து மடித்தால் 22 அங்குலம் வரும். அதை அடிமட்டத்தில் தட்டையாகச் சுற்றி, அடிமட்டத்தை உருவி, பாதியாக மடித்தால் 6க்கு 11 அங்குலப் பொதி. எல்லாம் ஒரே அளவு. ஒன்றின்மேல் ஒன்றாகப் போடாமல், மடிப்பு மேலே தெரிய, புத்தகம் நிறுத்துவதுபோல நிறுத்துங்கோ. நடுவிலிருந்து ஒன்றை இழுத்தாலும் மற்றது சரியாது, காற்றும் போகும். அரை மீற்றருக்குக் குறைந்தது இப்படி நிற்காது. அது துண்டுக் கணக்கில் சேரவேண்டியது.

ஒரு வருடத்துக்கான பெரிய அடுக்கை ஜனவரி, பெப்ரவரியில் வையுங்கோ. கொழும்புக்கு மழை குறைந்த மாதங்கள் அவைதான். மே மாதம் பிறந்தபிறகு எதைக் காயவைத்தாலும் பாதி ஈரத்தோடுதான் உள்ளே போகும்.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:

ஊசி, பொபின் (அடி நூல் சுத்துற சின்னச் சில்லு) பத்தி மட்டும் சொல்றேன்.

வீட்டு மெசின் ஊசிக்குத் தண்டுல ஒரு பக்கம் தட்டை. கார்மெண்ட் மெசின் ஊசி முழு உருண்டை. கிலோ துண்டோட சில நேரம் கார்மெண்ட் ஊசி, பொபின் எல்லாம் கலந்து வரும். ஒரே டப்பாவுல போட்டா மாறிப்போய் மாட்டுவீங்க, தையல் விட்டு விட்டு விழும், இல்லன்னா ஊசி அடி நூலைப் பின்னுற ஹூக்குல அடிச்சு உடையும். பொபினும் அப்படித்தான். 15 வகைக்குப் பக்கம் தட்டை, 66 வகைக்குக் கொஞ்சம் மேடு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மாத்திப் போட்டா அடியில நூல் கூடு கட்டும், எல்லாரும் நூல் இறுக்கத்துக்கான டென்ஷன் திருகைப் போட்டுத் திருகுவாங்க. உங்க மெசின் பொபின்ல ஒண்ணை டப்பா மூடியில ஒட்டி வச்சிடுங்க, மத்ததெல்லாம் அதோட ஒப்பிட்டுப் பார்த்துக் களைஞ்சிடலாம்.

ஷ்மெட்ஸ் கம்பனி ஊசின்னா தண்டுல இருக்கிற நிறக் கோட்டைப் பாருங்க. கீழ்க்கோடு அளவு: 75 ரோசா, 80 செம்மஞ்சள், 90 நீலம், 100 ஊதா. மேல்கோடு வகை: குயில்டிங் பச்சை, ஸ்ட்ரெச் மஞ்சள், ஜீன்ஸ் நீலம். மேல்கோடு இல்லன்னா சாதாரண வகை. துண்டு சேர்க்க 80, பஞ்சு வச்சு மூணு அடுக்கும் சேர்த்துத் தைக்க 90.

பாவிச்ச ஊசிக்கு ஒரு ஃபெல்ட் துண்டு. பேனாவால கட்டம் கீறி 75, 80, 90ன்னு எழுதி, கழட்டினதும் அந்தக் கட்டத்துல குத்துங்க. மெசின்ல இப்ப எது இருக்குன்னு தெரியணும்னா, அந்தக் கட்டத்துல ஒரு கலர்க் குண்டூசி. மொத்தமா எட்டு மணி நேரம் ஓடின ஊசியைத் திரும்பக் குத்த வேணாம், எறியுங்க. எறியிறதுக்கும் மூடியில துளை போட்ட போத்தல் ஒண்ணு. குப்பைப் பையில தனியாப் போட்டா எடுக்கிறவங்க கையில ஏறும்.

கறள்: பஞ்சு அடைச்ச குஷனில குண்டூசியைக் குத்தி வச்சா ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். இறுக்கமான மூடி உள்ள கண்ணாடிப் போத்தல், அடியில ஃபெல்ட் துண்டுல மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு, சின்ன சிலிக்கா பொட்டலம் ஒண்ணு. எண்ணெய் கூடினா வெள்ளைப் புடவையில படும், ரெண்டு சொட்டுக்கு மேல வேணாம். பொபின் பெட்டியில இருக்கிற பஞ்சுத்தூளை வாயால ஊத வேணாம், மூச்சு ஈரம் போய்க் கறள் பிடிக்கும். தூரிகையால எடுங்க. தேங்காயெண்ணெய் விடுறவங்க இன்னும் இருக்காங்க. அது கொஞ்ச நாள்ல பிசின் மாதிரி இறுகி மெசினையே நிறுத்திடும்.

பூவேலை:

துண்டுகளை நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டாம். எல்லாரும் அங்கேதான் தொடங்கி அலுத்துப்போகிறார்கள். குயில்ட் தைக்கும்போது தேவைப்படுவது அளவு. அதற்கும் முன்னால் துணி வகை.

பனியன் துணி, லைக்ரா போன்ற இழுபடுபவை எல்லாம் தனிப் பை. நெய்த துணியோடு சேர்த்துத் தைத்தால் கட்டம் வளைந்துவிடும். மிச்சத்தில் சந்தேகமானதில் ஒரு நூலை இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்புக் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிக் கறுத்த கெட்டி மணியாகும். இரண்டும் கலந்ததென்றால் எரியவும் செய்யும், மணியும் மிஞ்சும். பருத்திச் சூட்டில் அயன் வைத்தால் பொலியெஸ்டர் சுருங்கும் அல்லது பளபளத்துப் போகும், அதனால்தான் இந்தப் பிரிப்பு.

பருத்தித் துண்டை வந்த உருவத்தில் சேர்த்து வைக்கக் கூடாது. பெட்டியில் போடுமுன் வெட்டிவிட வேண்டும். நான்கு அளவு போதும்: 5 அங்குலச் சதுரம், 2½ அங்குலச் சதுரம், 2½ அங்குலப் பட்டி, 1½ அங்குலப் பட்டி. இருபக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் இவை 4½, 2, 2, 1 அங்குலமாக நிற்கும். இதில் 2ம் 1ம் ஒன்றோடொன்று பொருந்தும். ஒரு துண்டில் முதலில் 5 பாருங்கள், வராவிட்டால் 2½, அதுவும் வராவிட்டால் 1½. அதற்கும் குறைந்தது நாய்க்குட்டி மெத்தைக்கு அடைக்க, இல்லாவிட்டால் குப்பைக்கு. இந்த இடத்தில் மனம் இளகினால் பெட்டி நான்கு பதினான்காகும். பட்டிகளைச் சுருட்ட வேண்டாம், சுருட்டினால் ஓரம் நெளியும். நீளமாக ஒரு ஹேங்கரில் தொங்கவிட்டு மேலே ஒரு பழைய தலையணை உறையைப் போட்டுவிடலாம்.

பாதியில் நிற்கும் குயில்ட்டுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டைப் பெட்டி. உள்ளே வெட்டிய துண்டு, படம், நூல், ஊசி அளவு எழுதிய சீட்டு. பெட்டி எண்ணிக்கையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான்கென்றால் நான்கு, ஐந்தாவது தொடங்க ஒன்று முடிய வேண்டும்.

மூன்று அடுக்கையும் சேஃப்டி பின்னால் பிணைக்கும்போது 4 அங்குலத்துக்கு ஒன்று. 60க்கு 80 அங்குலப் போர்வைக்கு ஏறக்குறைய 300 வேண்டும். பின்னைத் திறந்தபடியே டின்னில் போட்டு வைத்தால் அடுத்த முறை முந்நூறு தரம் திறக்கும் வேலை மிச்சம். பிணைத்த போர்வையை மழைக்காலத்தில் வாரக்கணக்கில் விடாதீர்கள். பின் ஒவ்வொன்றும் ஒரு கறள் புள்ளி விடும். முடிந்த போர்வையைப் பிளாஸ்டிக் பையில் வைக்காமல் பருத்தி உறையில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

ஓரத்தையல்:

கறுப்புநூல் அக்கா, பூவேலை, அண்ணா, மூவருக்கும் நன்றி. வெட்டும் மேசைக்கு என்ன வழி? நூல்கட்டைக்குத் திறந்த ராக் வேண்டவே வேண்டாமா?

அடிமட்டம்24:

மூடிய பெட்டியே எல்லாவற்றுக்கும் தீர்வு என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வாரத்தில் மூன்று நான்கு நாள் எடுக்கும் புடவை திறந்த தட்டில் இருப்பது நல்லது, கை படுவதும் காற்றோட்டம்தான். முன்னால் ஒரு பருத்தித் திரை போட்டால் தூசும் வெயிலும் தடுபடும். நீண்ட நாள் கிடக்கும் புடவைக்கு மட்டும் பெட்டி. நூல் அப்படியில்லை. மேற்கு யன்னல் வெயிலில் நிறமும் போகும், பலமும் போகும், நூலில் ஒட்டிய தூசு மெசின் டென்ஷன் தட்டுக்குள்தான் போய்ச் சேரும். நூலுக்கு லாச்சிதான் சரி. பழைய நூலை 12 அங்குலம் இழுத்துச் சடக்கென்று பிடுங்கிப் பாருங்கள், சிரமமில்லாமல் அறுந்தால் அந்தக் கட்டை கையால் தற்காலிகமாக நூலோடுவதற்கு மட்டும்.

மேசைக்கு: நேரே நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்கு 4 அங்குலம் கீழே வெட்டும் பலகை இருக்கவேண்டும், பலருக்கு 34 முதல் 36 அங்குலம். தைக்கும் மேசை 29, 30. இரண்டையும் ஒரே மேசையில் செய்யப் பார்ப்பதால்தான் முதுகு வலிக்கிறது. ஒரே உயரமான லாச்சி அலுமாரி இரண்டை 2 அடி இடைவெளியில் நிறுத்தி, மேலே 18 மில்லிமீற்றர் பிளைவூட் 4க்கு 3 அடி. முழுப் பலகை 8க்கு 4 அடி வரும், கடையிலேயே வெட்டித் தரச்சொல்லுங்கள். வழுக்காமல் இருக்க அலுமாரிக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் விரிப்பு. சுவரில் ஒரு துளையும் தேவையில்லை. லாச்சியில் பொதிகள் நிற்கும், நடு இடைவெளியில் வாடிங் (குயில்ட்டின் நடுவே வைக்கும் பஞ்சு விரிப்பு) சுருள் நிற்கும்.

24க்கு 36 அங்குலக் கட்டிங் மாட் அந்தப் பலகையிலேயே கிடக்கட்டும். சுவரில் சாய்த்து வைத்தால் வளையும், வெயில் பட்டாலும் வளையும், சூடான தேநீர்க் கோப்பை வைத்தால்கூட அந்த இடம் எழும்பும். வளைந்த மாட்டில் அடிமட்டம் ஆடும், பட்டி நேராக வராது. அதன்மேல் அயன் பண்ணக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லைதானே.

குயில்ட் துண்டுகளைப் பரப்பிப் பார்க்கத் திரைச்சீலைக் கம்பியில் ஒரு ஃப்ளனல் விரிப்பைத் தொங்கவிடுங்கள். ஃபேன் ஓடும்போது துண்டுகள் பறக்கும், மேல் மூலைக்கு ஒரு குண்டூசி.

கொட்டாஞ்சேனை மெக்கானிக்:

அயன், ரெண்டு மெசின், லைட் எல்லாத்தையும் ஒரே மல்டி பிளக்ல போட வேணாம். 1200 வொட் அயன் மட்டுமே 230 வோல்ட்ல 5 அம்பியரைத் தாண்டும். அயனுக்குச் சுவர் பிளக் தனியா.

ஓரத்தையல்:

கடைசியாக ஒன்று. ஓவர்லொக் வெட்டித் தள்ளும் நூலும் தூளும் அறை முழுக்கப் பரவுகிறதே?

பூவேலை:

மெசினுக்கு அடியில் மேசை விளிம்பைத் தாண்டி 3 அங்குலம் நீட்டினாற்போல் ஒரு தடித்த துணி விரிப்பு வைத்து, அதன் முன்விளிம்பில் 8 அங்குல ஆழப் பை ஒன்றைத் தைத்துவிடுங்கள். பை வாய்க்குள் மெல்லிய கம்பி கோத்தால் திறந்தே நிற்கும், வெட்டுத்தூள் நேரே அதற்குள் விழும். மெசின் அதிர்வில் விரிப்பு நகராமலும் இருக்கும். பை நிரம்பினால் கழற்றி உதறத் தோதாக, தைப்பதற்குப் பதில் இரண்டு பொத்தான் வைத்தாலும் சரி.