மறு: மறு: ‘ரெப்ளிக்கா’ தமிழில் எது? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பு நண்பர்களுக்கு,

ஒளிப்படப் பயிற்சிக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஒரு பாடம், திரையில் புகழ்பெற்ற கார்களின் ரெப்ளிக்காவைப் படமெடுப்பது. எடுத்துக்காட்டு வண்டி, 1985-இல் வெளிவந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் காலயந்திரமாக வரும் டெலோரியன் கார். நான்கைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும்: படப்பிடிப்பில் நின்ற அசல் வண்டி, உண்மையான டிஎம்சி-12 (டெலோரியன் நிறுவனத்தின் எஃகு உடல் கார்) மேல் காலயந்திரக் கருவிகளைப் பொருத்தியது, கண்ணாடியிழையில் உடல் வார்த்து வெள்ளிச் சாயம் அடித்தது, மேசைமேல் வைக்கும் சின்ன மாடல். நடு இரண்டும் ரெப்ளிக்கா. ‘மாதிரி’ என்றால் நான்காவதோடு குழம்பும். ‘பிரதி’ என்றால் ஒளிப்படக்காரர் அச்சிட்ட படத்தை நினைப்பார். ‘நகல்’ ஜெராக்ஸுக்குப் போய் வெகுகாலம் ஆயிற்று.

ந.

---

ந. ஐயா,

‘போலி’ இருக்க வேறு தேடுவானேன்? இலக்கணத்தில் போலி ஏமாற்று வேலை அல்ல. அறம் அறன் ஆகும், பந்தல் பந்தர் ஆகும். எழுத்து மாறும், பொருள் மாறாது. உடல் மாறியும் வண்டி மாறாததைப் ‘போலி மகிழுந்து’ என்பதில் என்ன குறை?

செ.

---

> ‘போலி மகிழுந்து’ என்பதில் என்ன குறை?

உரிமையாளரிடம் போய் “உங்கள் போலியைப் படமெடுக்கலாமா?” என்று கேளுங்கள், குறை தெரியும். செய்தித்தாள் வாசகருக்குப் போலி என்றால் போலி மருத்துவர், போலிச் சான்றிதழ். கையேடு நன்னூல் வகுப்புக்கு அல்ல. என் வாக்கு ‘ஒப்புரு’.

இரண்டு வகைக்கும் தனித்தனி அடைமொழியும் தேவை, ஏனென்றால் செய்முறையே வேறு. சாயம் பூசிய உடலில் மேற்பூச்சின் பளபளப்பைப் போலரைசர் ஃபில்டர் வெட்டும். பரப்பின் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 56 டிகிரியில் நன்றாக வெட்டும். வெறும் எஃகில் எதிரொளி அந்த அளவுக்கு முனைவுறுவதில்லை, அதாவது ஒரே தளத்தில் அதிர்வதில்லை. ஃபில்டரை எத்தனை சுற்றினாலும் கண்ணாடிச் சன்னல் மட்டும் தெளியும், கதவு அப்படியே இருக்கும், ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம் வீண். ஆகவே ‘எஃகு ஒப்புரு’, ‘சாய ஒப்புரு’.

க.

---

க. அம்மா, அவசரப்படாதீர்கள். உவமை எவற்றால் அமையும் என்பதற்கு ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே’ என்கிறார் தொல்காப்பியர். உரையாசிரியர்கள் மெய் என்பதற்கு வடிவு என்றும் உரு என்பதற்கு நிறம் என்றும் பொருள் கொண்டார்கள். அப்படியானால் ஒப்புரு என்பது நிறத்தால் ஒத்தது மட்டுமே. வடிவால் ஒத்தது ‘ஒப்புமெய்’. ஓடும் வண்டியானால் வினையாலும் ஒத்தது, அதற்கு ‘ஒப்புவினை’. இன்னும் பழஞ்சொல் வேண்டுமானால் குறளிலேயே இருக்கிறது: ‘அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்.’ ஒப்பாரி என்றால் ஒப்பு.

மு.

---

ஒப்பாரிக் கார்! மாலை போட்டுப் படமெடுக்கலாம். அதே குறள் ‘மக்களே போல்வர்’ என்றுதான் தொடங்குகிறது, மு. ஐயா. போல்வது போலி. வள்ளுவர் என் பக்கம்.

செ.

---

அதிகாரத்தின் பெயர் கயமை, செ. ஐயா. உரிமையாளரிடம் அதையும் சொல்லிவிடலாம்.

நிறம் பற்றி: அசல் டெலோரியனுக்குச் சாயமே கிடையாது. 304 வகைத் துருவேறா எஃகை மெல்லிய வரிகளாகத் தேய்த்து விட்டிருக்கிறார்கள். புல்தரையில் நிறுத்தினால் அடிப்பக்கம் பச்சை, செங்கல் சுவரருகே செம்மை. வெண்சமநிலையை (கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை) வண்டியின் உடலைப் பார்த்து வைத்தால் படத்துக்குப் படம் மாறும்; சாம்பல் அட்டையை ஹெட்லைட் அருகே பிடித்து எடுக்க வேண்டும். தொல்காப்பியர் கணக்குப்படி இந்த வண்டி இடத்துக்கு இடம் உரு மாறும், பெயரையும் மாற்றுவோமா?

க.

---

அந்தத் ‘தேய்த்த வரி’க்கும் ஒரு சொல் வேண்டும். பின்வரும் பத்தியில் அது பலமுறை வருகிறது, பாருங்கள்:

“விளக்கின் எதிரொளி வரிக்குக் குறுக்காகத் தானே பரவும், வரியின் போக்கில் பரவாது. எனவே எல்இடி குழலை வரியின் போக்கிலேயே நீட்டிப் பிடிக்கவும். குறுக்கே பிடித்தால் ஒடுங்கிய ஒரு கீற்றுத்தான் கிடைக்கும். கைரேகையை வரியின் போக்கில் மட்டும் துடைக்கவும். சாதாரண எஃகு நார் கூடாது. அதன் துகள் பரப்பில் சிக்கித் துருப்பிடிக்கும்.”

‘வரி’ என்றே விட்டுவிடட்டுமா?

ந.

---

வரிப்புலி இருக்கிறது, கானல்வரி இருக்கிறது, வருமான வரியும் இருக்கிறது. ‘தேய்வரி’ என்க. வினைத்தொகை, முக்காலமும் தேயும்.

மு.

---

தேய்வரி நன்று. மு. ஐயா சொன்னதில் நான் மறுக்காத முதற்சொல்.

இருட்டில் ஷட்டரைத் திறந்துவைத்து விளக்கால் வண்டியைத் தீட்டும் லைட் பெயின்டிங்குக்கு ‘ஒளித்தீட்டல்’ போதும். ஆனால் மூலத்தின் அந்தப் பத்தியில் ஒரு ஓட்டை. ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 30 விநாடி என்று சொல்லிவிட்டு வண்டியின் கருவி விளக்குகளை எரியவிடச் சொல்கிறார்கள். 30 விநாடியில் அவை வெள்ளைத் திட்டாக வெடித்துவிடும். விளக்கை அணைத்து உடலுக்கு ஒரு படம், டிரைபாடை அசைக்காமல் விளக்குக்கு மட்டும் ஓரிரு விநாடியில் இன்னொரு படம். பிறகு இரண்டையும், ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானதை எடுக்கும் ‘லைட்டன்’ முறையில் அடுக்க வேண்டும். பகலில் கையில் பிடித்து எடுப்பவர் மின்னணு ஷட்டரைத் தவிர்க்க வேண்டும், எல்இடி துடிப்பு படத்தில் பட்டைபட்டையாக விழும். மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகவாவது சேர்த்துவிடுங்கள், ந. ஐயா.

க.

---

சேர்த்துவிட்டேன். இதுவரை ‘ஒப்புரு’ ஐந்து, ‘ஒப்புமெய்’ ஒன்று, ‘போலி’ ஒன்று, ‘ரெப்ளிக்கா என்றே எழுது, தூங்கப் போகிறேன்’ இரண்டு. முதல் வருகையில் ‘ஒப்புரு என்னும் ரெப்ளிக்கா’, பிறகு ஒப்புரு. சிறகுபோல் மேலே விரியும் கல்விங் (gull-wing) கதவை மட்டும் ‘மேல்திறப்புக் கதவு’ என்று வைத்திருக்கிறேன்.

ந.

---

ஒப்புமெய்யைச் சொல்லடைவிலாவது போடுங்கள். ‘மேல்திறப்பு’ என்றால் கூரை திறப்பது என்று படிப்பார்கள். ஆங்கிலத்தில் கல் (gull) என்பது கடற்காக்கை. ‘காக்கைச் சிறைக் கதவு’ எனலாம்.

மு.

---

சிறைக் கதவா? ஜெயிலையா படமெடுக்கிறோம்? ஆலாச் சிறகு என்க.

செ.

---

ஆலா வேறு பறவை, ஐயா. பெயர் எதுவானாலும், தாங்கும் வாயுத்தண்டு தளர்ந்த வண்டியில் ஒரு கதவு மற்றதைவிடத் தாழ்ந்து நிற்கும். முன்பக்கப் படத்தில் அப்பட்டமாகத் தெரியும். கேமரா பார்க்காத பக்கம் ஒரு முட்டுக் கொடுக்கச் சொல்லும் வரி மொழிபெயர்ப்பில் விடுபட்டிருக்கிறது.

க.