செஸ்னா 152ல ட்ரிம் பிடிபடவே மாட்டேங்குது, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. நான் ஹட்டன் பக்கம், ரத்மலானையில பிளேன் ஓட்டப் படிக்கிறேன், இப்ப லீவுல தோட்டத்துக்கு வந்து லேப்டொப்ல சிமுலேட்டர் போட்டுப் பழகிக்கிட்டு இருக்கேன், அம்மா கேம் விளையாடுறேன்னு ஏசுறாங்க.

பிரச்சினை இறங்குற நேரம்தான். ஃப்ளாப்பை (இறக்கைக்குப் பின்பக்கம் கீழ இறங்குற தகடு) இறக்கின உடனே மூக்கு மேல தூக்குது, ஸ்பீடு குறையுது, நான் பதறிப்போய் ட்ரிம் வீலை (கைப்பிடியில கைக்கு வர்ற பாரத்தை எடுக்கிற சக்கரம்) முன்னால உருட்ட ஸ்பீடு 75க்குப் போயிடுது, திரும்பப் பின்னால உருட்டினா 55. முழு ஃப்ளாப்புக்கு மெனுவல்ல 55-65 நொட் (மணிக்கு இத்தனை கடல் மைல்), நான் 60ஐப் பிடிச்சு வைக்கணும். மூக்கை யோக்ல (ஸ்டியரிங் மாதிரி கைப்பிடி) வை, பவரை செட் பண்ணு, ஸ்பீடு நின்னப்புறம் கையில இருக்கிற பாரத்தை மட்டும் ட்ரிம்ல எடு, ட்ரிம்மாலயே ஓட்டாதேன்னு சேர் படிச்சுப் படிச்சு சொல்றாரு. புரியுது, கைதான் கேக்குதில்ல.

அதை விடப் பயம் கோ-அரவுண்ட், அதாவது இறங்காம திரும்ப மேல எழும்புறது. லீவுக்கு முந்தி கடைசிப் பறப்புல மூக்கு மேல தூக்கின மாதிரி ட்ரிம் பண்ணி வச்சிருந்தேன், முழு த்ரொட்டில் குடுத்ததும் விருட்டுன்னு எழும்பிச்சு, ஸ்டோல் ஹோர்ன் (ஸ்பீடு குறைஞ்சு இறக்கை தூக்குறதை விடப்போகுதுன்னு எச்சரிக்கிற சத்தம்) ஊளையிட ஆரம்பிச்சுது, சேர்தான் யோக்கைத் தள்ளிப் பிடிச்சாரு. ஃப்ளாப் கீழ இருந்தா ஸ்டோல் ஆகுற ஸ்பீடு 35 நொட், மேல எடுத்துட்டா 40, அதனால ஃப்ளாப்பை ஒரேயடியா எடுக்கவும் ஏலாது.

இடது கை யோக்கைத் தள்ளிக்கிட்டு இருக்கும், மிச்சம் ஒரு கைதான். முதல்ல ஃப்ளாப்பை 20 டிகிரிக்கு எடுப்பீங்களா, ட்ரிம்மை உருட்டுவீங்களா? சிமுலேட்டர்ல யோக் பாரம் கையில தெரியாதே, இதுல பழகினா கை கெட்டுப்போகுமா?