எம்டன் மாதிரிக் கப்பல்: பலகை வளைகிறது

திருவையாற்றிலிருந்து:
நாலு வருடமாக முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் போர்க்கப்பலான எம்டனை 1:100 அளவில் கட்டுகிறேன், அசல் 118 மீட்டர் என்பதால் என்னுடையதே கிட்டத்தட்ட நாலடி. ஐப்பசி அடைமழை வந்தால் மேல்தளப் பலகை வளைந்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

கும்பகோணத்திலிருந்து:
மேலே மட்டும் வார்னிஷ் அடித்தீர்களா? அப்படியென்றால் அடிப்பக்கம் ஈரத்தை இழுக்கும், வளையத்தான் செய்யும். பங்குனி வரை பொறுத்து, நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு பக்கமும் ஓரங்களும் விடாமல் அடியுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து:
அண்ணன் சொல்வது சரி. அப்புறம், பத்து பீரங்கிக் குழலுக்கும் சிரிஞ்சு ஊசி அருமையாகப் பொருந்தும். புகைபோக்கி மூன்றா நான்கா? 1914 அக்டோபரில் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்தபோது பொய்யாக நாலாவது வைத்திருந்தார்களே!

திருவையாற்றிலிருந்து:
மூன்றுதான் தம்பி. நாலாவதைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்கிறேன்.