அடுப்பு ஹூட்டுக்கு ஒரு கூடு: கைவேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்களுடையது பழைய வரிசை வீடு. கேஸ் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் ஹூட் புகையை நன்றாகத்தான் இழுக்கிறது. ஆனால் அதன் தலையிலிருந்து சுவருக்குப் போகும் அலுமினியக் குழாய் அப்படியே வெளியே தெரிகிறது. வீட்டுக்காரிக்கு அது கண்ணை உறுத்துகிறது. கூரை வரை ஒரு கூடு கட்டி மறைக்கலாம் என்றிருக்கிறேன். கான்டிராக்டர் கேட்ட கூலிக்கு இன்னொரு ஹூட்டே வாங்கிவிடலாம்!

சட்டம் மரத்தில். மேலே மூட எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஆவி பட்டால் உப்பிவிடும். பிளைவுட் போடலாம், ஆனால் அடுப்பைப் பார்க்கும் அடிப்பக்கத்துக்கு மட்டும் தீப்பிடிக்காத கால்சியம் சிலிகேட் பலகை. அடுப்புக்கும் ஹூட்டுக்கும் இப்போது 70 செ.மீ. இடைவெளி, கூடு ஹூட்டுக்குக் கீழே இறங்காது.

எனக்குப் பிடிபடாதது இதுதான்: பிளைவுட்டும் சிலிகேட் பலகையும் சேரும் இடத்தில் பட்டி பூசினால் சூட்டில் விரிசல் விடுமா? அங்கே அலுமினிய மூலைப்பட்டை அடிப்பதே மேலா?

பிளக்கும் மோட்டாரும் உள்ளே மாட்டிக்கொள்ளும். அதற்காக முன்பக்கத்தைக் கழற்றும்படி வைக்கவேண்டும். காந்தப் பூட்டு அந்தக் கனத்தைத் தாங்குமா, கீல் போடவா?

பெயின்ட் விஷயமும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மீன் பொரிக்காத நாள் குறைவு, துடைத்தால் எண்ணெய் போகவேண்டும். செய்து முடித்தவர்கள் படம் போட்டால் புண்ணியமாகப் போகும். பட்டர்வொர்த் பக்கம் பிளைவுட்டை அளவுக்கு அறுத்துத் தரும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.