கருத்தடை மாத்திரை போட ஆரம்பித்ததும் தீட்டு குறைந்துவிட்டது. கெட்ட ரத்தம் உள்ளே தங்குமா?

செல்வி, அல்சூர்:

அக்காமார்களே, நான் பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஊர் தர்மபுரி பக்கம். வயது 28. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். சின்னவனுக்கு ஒன்றரை வயது, தாய்ப்பால் நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அரசு சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை கொடுத்தார்கள். இன்றோடு மூன்றாவது அட்டை முடிகிறது.

முன்பெல்லாம் ஐந்து நாள் வரும். முதல் ரெண்டு நாள் மெஷினை விட்டு எழும்போதெல்லாம் ஸ்டூலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுவேன். மாத்திரை போட்ட முதல் மாதம் அட்டை பாதியில் இருக்கும்போதே கறை பட்டது. அடுத்த மாதம் ரெண்டே நாள், காப்பித்தூள் நிறத்தில். இந்த மாதம் ஒன்றுமே வரவில்லை.

மாமியார் காலண்டரில் வட்டம் போட்டு நாள் எண்ணுகிறார். "வெளிய வர வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளயே நிக்குது, கட்டியாயிடும், நிறுத்திடு" என்கிறார். எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துத் தருகிறார். அவருடைய அக்கா கர்ப்பப்பைக் கட்டியால் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவர், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எனக்கோ, இது கர்ப்பமாக இருக்குமோ என்று பயம். நிறுத்திவிடட்டுமா?

மேரி, சிவாஜி நகர்:

செல்விம்மா, நிறுத்தாதே. நான் பிரசவ வார்டில் இருபது வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். இந்தக் 'கெட்ட ரத்தம்' பயத்தால் பாதி அட்டையோடு மாத்திரையை விட்டுவிட்டு, அடுத்த மூன்றாம் மாதம் வயிற்றில் பிள்ளையோடு வந்து நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மாதாமாதம் வருவது எங்கோ சேர்த்து வைத்த ரத்தம் இல்லை. ஒவ்வொரு மாதமும் கர்ப்பப்பையின் உள்பக்கம் ஒரு படலம் புதிதாக வளர்கிறது, கரு தங்காவிட்டால் அது உதிர்ந்து வருகிறது. உன் அட்டையில் முதல் 21 மாத்திரையில்தான் ஹார்மோன் இருக்கிறது. அது முட்டை வெளிவராமல் தடுக்கும், படலத்தையும் தடிக்க விடாது. வேறு நிறத்தில் இருக்கும் கடைசி 7 மாத்திரை வெறும் இரும்புச் சத்து. அந்த வாரம் ஹார்மோன் நின்றுபோவதால் இருக்கிற கொஞ்சம் படலம் உதிரும். அதனால்தான் ரெண்டே நாள், பழுப்பு நிறம். சிலருக்கு உதிர எதுவுமே இருக்காது. மாவே அரைக்காத வீட்டில் தோசை எங்கே போச்சு என்று தேடினால் கிடைக்குமா?

உன் மாமியார் பயம் பொருந்துகிற இடம் ஒன்று உண்டு. எந்த மாத்திரையும் போடாத பெண்ணுக்கு மாதக்கணக்கில் வராவிட்டால் உள்ளே படலம் வளர்ந்துகொண்டே போகலாம், அப்போது கட்டாயம் டாக்டரிடம் காட்ட வேண்டும். உன் விஷயம் அதற்கு நேர் எதிர். இந்த மாத்திரையால் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது என்று அவரிடம் சொல்.

நடுவில் கறை பட்டது முதல் மூன்று மாதத்தில் சகஜம். இனி ஒன்று செய்: காலை முதல் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை அட்டை போட்டுப் பார். இல்லை என்று வந்தால், தீட்டுக்காகக் காத்திருக்காமல் நாளையே நாலாவது அட்டையை ஆரம்பித்துவிடு. இந்த மூன்று மாதத்தில் எப்போதாவது மாத்திரை மறந்தாயா? டிபி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? அதில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், அதனால் கேட்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, கண் மங்கலோடு கடும் தலைவலி வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போ.

வசந்தி, கே.ஆர்.புரம்:

நான் அந்தரா என்ற கருத்தடை ஊசி போடுகிறேன், மூன்று மாதத்துக்கு ஒன்று. முதல் ஆறு மாதம் எப்போது வரும் எப்போது நிற்கும் என்றே தெரியாது, கைப்பையில் பேட் இல்லாமல் பஸ் ஏறியதில்லை. அப்புறம் சுத்தமாக நின்றுவிட்டது. இப்போது ஒன்றரை வருஷமாக வரவில்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஊசியை நிறுத்தினாலும் கரு தங்க ஏழெட்டு மாதம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். சீக்கிரம் குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் இதற்குப் போகாதீர்கள். என் தங்கைக்கு கர்ப்பப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி, அதில் ஹார்மோனே கிடையாது. அவளுக்கு முன்னைவிட அதிகமாகப் போகிறது.

செல்வி, அல்சூர்:

மேரி அக்கா, டிபி மாத்திரை இல்லை. ஆனால் ஆடி பதினெட்டுக்கு ஊருக்குப் போனபோது அட்டையை இங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டேன். ரெண்டு நாள் போடவில்லை. திரும்பி வந்ததும் தொடர்ந்தேன். இன்று காலை பரிசோதனை பண்ணினேன், ஒரு கோடுதான்.

மேரி, சிவாஜி நகர்:

ஒரு கோடு என்றால் நல்லது. ஆனால் மறந்ததால், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்துவிடு. புது அட்டையைத் தள்ளிப்போடாதே. ஒரு நாள் மறந்தால் நினைவு வந்த உடனே போடு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் போடு. ரெண்டு நாளோ அதற்கு மேலோ விட்டால், கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு அட்டையைத் தொடர வேண்டும், அடுத்த ஏழு நாள் ஆணுறையும் வேண்டும். இதை வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லி வை.

செல்வி, அல்சூர்:

சரிக்கா. நாலாவது அட்டையில் முதல் மாத்திரை போட்டுவிட்டேன். நீங்கள் எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஏழு இரும்பு மாத்திரை எது என்று மட்டும் அட்டையை வாங்கி விரலால் தொட்டுப் பார்த்தார்.