இ-வே பில்லுக்கும் பில்லிங்குக்கும் நடுவுல இஎஸ்பி வேணுமா, வேண்டாமா?

வாளையாறு_வாசல்:
கஞ்சிக்கோட்டுல தொழிற்சாலை, எல்லைக்கு இந்தப் பக்கம் மதுக்கரைல குடோன். பில்லிங், ஸ்டாக், டிரான்ஸ்போர்ட், அக்கவுண்ட்ஸ், இ-வே பில் (சரக்கு வண்டிக்கான ஜிஎஸ்டி சீட்டு)னு அஞ்சு சிஸ்டம். அஞ்சும் ஒரே இஎஸ்பி (சிஸ்டங்களுக்கு நடுவுல செய்தி கடத்தற மென்பொருள், 'பஸ்'னும் சொல்வாங்க) வழியா, எக்ஸ்எம்எல்ல செய்தி அனுப்பற சோப் முறைலதான் பேசிக்குது. மாசக் கடைசில பில்லிங் அப்படியே நின்னுடுது. சில இன்வாய்ஸுக்கு ஸ்டாக் ரெண்டு தடவை கழியுது. இஎஸ்பி லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரம் வேற. எல்லாத்தையும் ரெஸ்ட்டுக்கு (எச்டிடிபிலயே நேரடியா பேசற எளிய முறை) மாத்திட்டு இஎஸ்பியைத் தூக்கிடலாம்ங்கறாங்க. சரிதானுங்களா?

கொல்லங்கோடு_கோட்:
தூக்குங்க. செய்தியை இங்கிருந்து அங்க கொண்டு போறதுதான் இஎஸ்பி வேலை. நாளாக நாளாக அதுக்குள்ள வரி கணக்கு, தள்ளுபடி விதி, கஸ்டமர் கோடு மாற்றம் எல்லாம் குடியேறிடும். அப்புறம் அஞ்சு டீமுக்கும் பொதுன்னு ஒரு 'கஸ்டமர்' ஸ்கீமா (டேட்டா அமைப்பு) வரும், நூத்தி சொச்சம் ஃபீல்டோட. டிரான்ஸ்போர்ட்டுக்கு வண்டி நம்பர் ஃபீல்டு ஒண்ணு சேர்க்கணும்னா அக்கவுண்ட்ஸ் டீமும் மறுபடி டெஸ்ட் பண்ணணும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ரெண்டும் ஜேசான் (சுருக்கமான டேட்டா வடிவம்) ஏபிஐதான். அதை எக்ஸ்எம்எல் ஆக்கி, பஸ்ல ஏத்தி, திரும்ப ஜேசான் ஆக்கறதுல யாருக்கு லாபம்?

பழைய_பஸ்:
கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அக்கவுண்ட்ஸ் பேக்கேஜ் சோப் மட்டும்தான் பேசும் என்றால் என்ன செய்வீர்கள்? டபிள்யூஎஸ்டிஎல் (சோப் சேவையின் ஒப்பந்தக் கோப்பு) இருப்பதால்தான் ஃபீல்டு பெயர் மாறினால் கம்பைல் செய்யும்போதே தெரிகிறது. ஒப்பந்தம் எழுதாத ரெஸ்டில் அதே பிழை புரொடக்‌ஷனில், அதுவும் ராத்திரியில்தான் தெரியும். அஞ்சு சிஸ்டமும் நேருக்கு நேர் பேச ஆரம்பித்தால் பத்து இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் தனி டைம்-அவுட், தனி சான்றிதழ், தனி லாக்.

கொல்லங்கோடு_கோட்:
பத்துங்கறது காகிதக் கணக்கு. ஸ்டாக்குக்கும் இ-வே பில்லுக்கும் என்ன பேச்சு? உண்மைல அஞ்சாறு இணைப்புக்கு மேல வராது. ஒப்பந்தம் வேணும்னா ஓப்பன்ஏபிஐ ஃபைல் எழுதி பில்டுல சோதிக்கலாம், அது சோப்புக்கு மட்டும் சொந்தமில்ல. இப்ப இருக்கற சங்கிலியைப் பாருங்க. இன்வாய்ஸ் போட அஞ்சு சிஸ்டமும் ஒரே நேரத்துல உயிரோட இருக்கணும். ஒவ்வொண்ணும் 99.9 சதவீதம்னா சேர்த்து 99.5. மாசத்துக்கு மூணரை மணி நேரத்துக்கு மேல பில்லிங் இல்ல.

செங்கோட்டை_ஷிஃப்ட்:
ரெண்டு பேரும் அவர் கேட்ட கோளாறைத் தொடவே இல்லை.

ஸ்டாக் ஏன் ரெண்டு தடவை கழியுது? இஎஸ்பி டைம்-அவுட் 30 விநாடின்னு வைங்க. மாசக் கடைசி லோடுல ஸ்டாக் சர்வீஸ் 35-ஆவது விநாடில கமிட் பண்ணுது (டேட்டாபேஸ்ல உறுதியா எழுதுது). இஎஸ்பி 30-லயே 'தோல்வி'ன்னு முடிவு பண்ணி மறுபடி அனுப்புது. ரெண்டுமே கமிட் ஆகுது. இதை ரெஸ்ட்ல எழுதி போஸ்ட் கோரிக்கையை ரீட்ரை பண்ணாலும் இதேதான் நடக்கும்.

பில்லிங் ஏன் நிக்குது? டாம்கேட் சர்வர்னா டீஃபால்ட்டா 200 த்ரெட், ஒரு த்ரெட் ஒரு நேரத்துல ஒரு கோரிக்கையைத்தான் பாக்கும். ஒவ்வொண்ணும் 30 விநாடி காத்துக்கிட்டு நின்னா, விநாடிக்கு ஏழு கோரிக்கை வந்தாலே எல்லா த்ரெட்டும் தீர்ந்துடும். 200 மில்லி விநாடில பதில் வந்த காலத்துல அதே 200 த்ரெட் விநாடிக்கு ஆயிரம் தாங்கும்.

இன்னொண்ணும் பாருங்க. சோப் 1.1-ல எந்த ஃபால்ட் (பிழைப் பதில்) வந்தாலும் எச்டிடிபி 500-தான் (சர்வர் பிழைக் கோடு). ஜிஎஸ்டி எண் தப்புங்கறதும் 500, சர்வர்ல உள்கோளாறுங்கறதும் 500. இஎஸ்பில '500 வந்தா அஞ்சு தடவை ரீட்ரை'ன்னு போட்டிருந்தா, எந்தக் காலத்துலயும் தேறாத இன்வாய்ஸும் அஞ்சு தடவை சுத்தும். ஃபால்ட் கோடைப் படிச்சு, கிளையன்ட் பிழைன்னா ரீட்ரையை நிறுத்துங்க. இதை இன்னைக்கே செய்யலாம்.

பழைய_பஸ்:
இரட்டை அனுப்பலுக்கு டபிள்யூஎஸ்-ரிலையபிள்மெசேஜிங் இருக்கிறதே. பயன்படுத்தாமல் விட்டுவிட்டு சோப்பைத் திட்டுவது என்ன நியாயம்?

செங்கோட்டை_ஷிஃப்ட்:
அது செய்தி ஒரு முனைலேர்ந்து மறு முனைக்கு ஒரே தடவை சேர்றதைப் பாத்துக்கும். மேல இருக்கற அப்ளிகேஷன் புதுசா இன்னொரு செய்தி உண்டாக்கி அனுப்பினா, அதைப் பொறுத்தவரைக்கும் அது வேற செய்தி. இன்வாய்ஸ் ஒண்ணுதானான்னு பாக்கறது ஸ்டாக் சர்வீஸோட பொறுப்பு.

ஐஆர்என் (இ-இன்வாய்ஸுக்குத் தர்ற தனி எண்) எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. சப்ளையர் ஜிஎஸ்டி எண், டாக்குமென்ட் வகை, டாக்குமென்ட் எண், நிதியாண்டு, இந்த நாலுலேர்ந்து கணக்குப் போட்டு எடுக்கற 64 எழுத்து ஹாஷ் (அடையாளக் குறி). எத்தனை தடவை அனுப்பினாலும் அதே ஹாஷ்தான், போர்ட்டல் 'டூப்ளிகேட்'னு திருப்பிடும். ஸ்டாக்குக்கும் இதே மாதிரி செய்யுங்க. நிதியாண்டு, இன்வாய்ஸ் எண், இன்வாய்ஸ்ல லைன் நம்பர் மூணுக்கும் சேர்த்து யூனிக் இன்டெக்ஸ் (ஒரே சேர்க்கை ரெண்டு தடவை பதிவாகாம டேட்டாபேஸே தடுக்கற விதி). டேபிள்ல அந்த வரிசையை எழுதறதும் ஸ்டாக்கைக் கழிக்கறதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல நடக்கணும். ரெண்டாவது தடவை வந்தா பிழை காட்டாதீங்க, முதல் தடவை கொடுத்த பதிலையே கொடுங்க. ஒவ்வொரு முயற்சிக்கும் புதுசா யூயூஐடி (தற்செயலா உண்டாக்கற தனி எண்) போட்டு அதை 'கீ'ன்னு அனுப்பறவங்க இருக்காங்க. அது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்.

கொல்லங்கோடு_கோட்:
இதை ஒத்துக்கறேன். ஆனா அஞ்சும் வரிசையா காத்து நிக்கறது அப்படியேதானே இருக்கு. பில்லிங் தன்னோட டேட்டாபேஸ்ல இன்வாய்ஸை எழுதும்போதே, அதே டிரான்ஸாக்‌ஷன்ல 'அவுட்பாக்ஸ்' டேபிள்லயும் ஒரு வரிசை எழுதணும். தனி வொர்க்கர் ஒண்ணு அதை எடுத்து அக்கவுண்ட்ஸுக்கும் டிரான்ஸ்போர்ட்டுக்கும் அனுப்பட்டும். 1, 2, 4, 8 விநாடின்னு இடைவெளி விட்டு ரீட்ரை, அதுக்கும் மசியலன்னா டெட் லெட்டர் க்யூ (போகாத செய்திகளை ஒதுக்கி வைக்கற இடம்). அந்த க்யூவைத் தினமும் பாக்க ஒரு ஆளை நியமிங்க. இல்லாட்டி அது குப்பைத்தொட்டி.

பழைய_பஸ்:
அக்கவுண்ட்ஸ் பத்து நிமிடம் பின்தங்கினால் பரவாயில்லை. இ-வே பில் பின்தங்கினால்? சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் பில் இல்லாமல் வண்டி கேட்டைத் தாண்ட முடியாது. 2017-ல் ஜிஎஸ்டி வந்து வாளையாறு வரிச் சோதனைச் சாவடி போனது. பறக்கும் படை போகவில்லை.

செங்கோட்டை_ஷிஃப்ட்:
அதனாலதான் சர்வீஸை எங்க வெட்டணும்ங்கறது முக்கியம். இ-வே பில்லோட பகுதி-ஏ இன்வாய்ஸ் விவரம், போட்டபின் மாறாது. பகுதி-பி வண்டி எண். வழில வண்டி படுத்து வேற வண்டிக்கு ஏத்தினா எத்தனை தடவை வேணும்னாலும் மாறும். ரெண்டையும் ஒரே 'இ-வே பில் உருவாக்கு' ஏபிஐ கால்ல கட்டினா, வண்டி மாறும்போதெல்லாம் பில்லிங்கை எழுப்பணும். பகுதி-ஏ பில்லிங் பக்கம் அவுட்பாக்ஸ் வழியா போகட்டும். பகுதி-பி டிரான்ஸ்போர்ட் கையில, கேட்ல நேரடி ஏபிஐ கால், டைம்-அவுட் 5 விநாடிக்குள்ள. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்ங்கற செல்லுபடி கணக்கையும் டிரான்ஸ்போர்ட்டே வச்சுக்கட்டும்.

வாளையாறு_வாசல்:
அப்ப லைசென்ஸ்?

பழைய_பஸ்:
ஒரு வருடம் புதுப்பியுங்கள். அக்கவுண்ட்ஸை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கொல்லங்கோடு_கோட்:
ஒரே ஒரு சோப் கிளையன்ட்டுக்காக முழு லைசென்ஸா? அக்கவுண்ட்ஸ் முன்னாடி சின்னதா ஒரு அடாப்டர் (ரெஸ்ட்டை சோப்பா மாத்தற நிரல்) எழுதினா தீர்ந்தது. எழுதும்போது ரெண்டு கவனிங்க. கன்டென்ட்-டைப் சோப் 1.1-க்கு 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', 1.2-க்கு 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்'. மாறிப் போனா 415 பிழை வரும், காரணம் புரியாம ஒரு நாள் போயிடும். தொகையை ஜேசான்ல எண்ணா அனுப்பாதீங்க, ஸ்ட்ரிங்கா அனுப்பி டெசிமலா படிங்க. பைசா வித்தியாசம் வந்தா ஆடிட்டர் உங்களைத்தான் கூப்பிடுவார்.

செங்கோட்டை_ஷிஃப்ட்:
லைசென்ஸ் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். முதல்ல ரீட்ரை விதி, அடுத்து யூனிக் இன்டெக்ஸ். ரெண்டுக்கும் இஎஸ்பியைக் கழட்ட வேண்டியதில்லை. மாசக் கடைசிக்கு முன்னாடி லைவ்ல போட்டுட்டு, ஸ்டாக் சர்வீஸ் பதில் நேரத்தை இங்க போடுங்க.