மெத் ஆய்வு: வாரம் ஒரு சிறுநீர் சோதனை போதுமா?

காட்பாடி கோஆர்டினேட்டர்:
வணக்கம். மெத்தாம்ஃபெட்டமின் (மெத்) என்ற போதைப்பொருள் பழக்கத்துக்கு நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் கொடுத்துப் பார்க்கும் 12 வார ஆய்வுக்குத் திட்டம் போடுகிறோம். ஆம்பூர், ராணிப்பேட்டையில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம் வருவார்கள். வாரம் ஒரு தடவை சிறுநீர் எடுத்தால் போதுமா? உடனே ரிசல்ட் காட்டும் சோதனைக் கிட்டில் வருவதை அப்படியே எழுதிக்கொள்ளலாமா?

லேப் பக்கம்:
போதாது மேடம். மெத் சிறுநீரில் 1 முதல் 3 நாள்தான் தெரியும். திங்கள் சிறுநீர் கொடுத்துவிட்டு செவ்வாய் மெத் எடுத்தவர், அடுத்த திங்கள் நெகட்டிவாக வந்து நிற்பார். வாரம் 2 கட்டாயம். 2021-ல் வெளியான அமெரிக்க அடாப்ட்-2 ஆய்வில் (403 பேர், ஊசி 380 மி.கி. 3 வாரத்துக்கு ஒன்று, புப்ரோபியான் தினம் 450 மி.கி.) கடைசி 4 சோதனையில் 3 நெகட்டிவ் இருந்தால்தான் பலன் என்று கொண்டார்கள். மருந்துக்கு 13.6 சதவீதம், போலி மருந்துக்கு 2.5. வராத நாளை பாசிட்டிவ் என்றே கணக்கு வைப்பது வழக்கம். அதனால் பஸ் காசு முன்கூட்டியே கையில் போகட்டும், ஷிஃப்ட் முடிகிற நேரத்துக்கு கிளினிக் திறந்திருக்கட்டும்.

கிட்டை மட்டும் நம்பவே கூடாது. புப்ரோபியானே சில கிட்டில் ஆம்ஃபெட்டமின் (மெத் சேர்ந்த மருந்து வகை) பாசிட்டிவ் காட்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்தான் மாட்டுவார், மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவும் தப்பாகிவிடும். பாசிட்டிவ் எல்லாவற்றையும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு (எந்தப் பொருள் என்று உறுதி செய்யும் லேப் சோதனை) அனுப்புங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒருவர்:
நம்ம ஊர் கத்திரி வெயிலையும் கணக்கில் எடுங்க. கொடுத்த 4 நிமிடத்துக்குள் மாதிரி 32 முதல் 38 டிகிரி இருந்தால் சரி என்பது விதி. மே மாதம் வேலூரில் வேறொருவர் சிறுநீரைப் பையில் கொண்டுவந்தால் அந்தப் பாட்டிலே அந்தச் சூட்டில் இருக்கும். கிரியேட்டினினும் (சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப் பொருள்) பாருங்க, 20 மி.கி./டெ.லி.க்குக் கீழே என்றால் தண்ணீர் கலந்திருக்கலாம். கிட் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் தாங்காது, ஏசி அறையில் வைத்து தினம் சூடு குறியுங்க.

வார்டு டாக்டர்:
ஊசிக்கு முன், வந்தவர் டபென்டடால் மாத்திரை (ஓபியாய்டு, அதாவது அபின் போல வேலை செய்யும் வலி மருந்து) போடுகிறாரா என்று பேர் சொல்லியே கேளுங்கள். வழக்கமான ஓபியேட் கிட் அதைப் பிடிக்காது. ஓபியாய்டு நிறுத்தி 7 முதல் 10 நாள் ஆகாமல் நால்ட்ரெக்சோன் போட்டால் கடுமையான வித்ட்ராயல் (போதை மருந்து நின்றதும் வரும் உடல் அவதி) வரும், போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. வலிப்பு வந்தவர்களையும், குடியைத் திடீரென நிறுத்தியவர்களையும் புப்ரோபியான் பக்கம் சேர்க்காதீர்கள். ஆய்வுக்கு நடுவில் வலிப்பு வந்து அட்மிட் ஆனால், 24 மணி நேரத்துக்குள் எத்திக்ஸ் கமிட்டிக்கும் சிடிஎஸ்சிஓவுக்கும் (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) ஸ்பான்சருக்கும் அறிக்கை போயிருக்க வேண்டும்.

சம்மதப் படிவம் தமிழோடு உருதுவிலும் தெலுங்கிலும் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, சித்தூர் எல்லை ஆட்கள் வருவார்கள் அல்லவா.

காட்பாடி கோஆர்டினேட்டர்:
நன்றி. உருதுப் படிவம் எங்கள் பட்டியலிலேயே இல்லை. கமிட்டிக்குக் கொடுக்கும் முன் சேர்த்துவிடுகிறேன்.